ஒரு மாதத்தை ஒரே கொப்பியில் எழுதி வைப்பது எப்படி

வீட்டுச் செலவுக்கு ஒரு கணக்குக் கொப்பி, அலுவலகத்துக்கு ஒரு நாட்குறிப்பு, வாசித்த நூல்களுக்கு ஒரு பட்டியல், பார்த்த படங்களுக்குக் கைப்பேசியில் ஒரு குறிப்பு என்று தனித்தனியாக எழுதத் தொடங்குபவர்களில் பலர் இரண்டாவது மாதத்திலேயே நான்கையும் கைவிட்டு விடுகிறார்கள். நான்கு இடங்களில் எழுதுவது களைப்பான வேலை என்பது ஒருபுறம் இருக்க, பிரித்து எழுதியதைத் திரும்பப் படிக்கும்போது அதில் பெரிய பயன் எதுவும் தெரிவதில்லை. அந்த மாதம் ஒரு நூலும் முடியவில்லை என்று வாசிப்புப் பட்டியல் சொல்லும். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வேலை இருந்தது என்பதும், மாமி கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்தார் என்பதும், இரவுகளில் அவருக்குத் துணையாக இருந்து பழைய படங்களைப் பார்த்தோம் என்பதும் வேறு வேறு இடங்களில் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே கொப்பியில், ஒரே நாளின் கீழ் எழுதும்போதுதான் ஒன்று மற்றொன்றை எப்படி நெருக்கியது, எப்போது அதற்கு இடம் விட்டது என்பது கண்ணில் படும்.

அப்படி எழுதுவதற்கான வழிமுறையையே இங்கே சொல்கிறேன். கொழும்பில் வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கும் ரியூஷனுக்கும் அனுப்பி, முதியவர் ஒருவரையும் பார்த்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் வாசிக்கவும் ஏதாவது பார்க்கவும் விரும்பும் ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

கொப்பியும் பேனையும்

கடும் அட்டை போட்ட 200 பக்கச் சீ.ஆர். கொப்பி ஒன்று போதும். நாளுக்கு அரைப் பக்கம் என்று வைத்தால் மாதத்துக்குப் பதினைந்து பக்கம், மாத முடிவில் எழுதுவதற்கு ஒரு பக்கம், ஆக ஆண்டுக்கு 192 பக்கம். மிச்சம் முன்பக்கங்களுக்கும் அவசரக் குறிப்புகளுக்கும் உதவும். நாள் அச்சிட்ட டயறியை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அதில் எழுதாமல் விட்ட நாள்கள் வெற்றுப் பக்கங்களாக நின்று எழுதுபவரைச் சோர்வடையச் செய்யும். கொப்பியில் நாளை நாமே எழுதுவதால் மூன்று நாள் விட்டுப்போனாலும் நான்காம் நாள் அடுத்த வரியிலேயே தொடங்கலாம்.

கடற்கரையை ஒட்டிய வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை வீடுகளில் காற்றின் ஈரம் தாளுக்குள் இறங்கும். மெல்லிய தாளில் ஜெல் மை பரவி, சில மழைக்காலங்களுக்குப் பிறகு மறுபக்கத்து எழுத்துடன் கலந்துவிடும். சாதாரண போல்பொயின்ற் பேனையே நீடித்து நிற்கும். கொப்பியைச் சுவரோடு ஒட்டிய அலுமாரியின் அடித்தட்டில் வைக்காமல், எல்லோரும் கடந்துபோகும் சாப்பாட்டு மேசைப் பக்கம் வைப்பது நல்லது. கண்ணில் படாத கொப்பியில் யாரும் எழுதமாட்டார்கள்.

மாதம் எந்த நாளில் தொடங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். சம்பளம் 25ஆம் திகதியளவில் கிடைக்கும் வீடுகளில் பணத்தின் மாதம் அன்றே தொடங்குகிறது. பள்ளி, வாடகை, ரியூஷன் கட்டணம் ஆகியவை 1ஆம் திகதியைப் பார்க்கின்றன. விரதமும் கோயிலும் தமிழ் மாதத்தின்படி நடக்கின்றன. கொப்பிக்கு 1ஆம் திகதியே வசதியானது. தமிழ் மாதம் பிறக்கும் நாளையும், பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும், சம்பள நாளையும் மாதத்தின் முதல் பக்கத்தில் முன்கூட்டியே குறித்துவிட்டால் குழப்பம் இராது.

நாளுக்கு ஐந்து வரி

எழுதும் நேரம் இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இருக்கட்டும். ஐந்து வரிக்கு மேல் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் அந்த ஐந்து வரியிலும் பெயர், இடம், நேரம், பொருள், சொன்ன சொல் ஆகியவற்றில் ஏதாவது இருக்க வேண்டும். “வேலை அதிகம். களைப்பு. புத்தகம் படிக்கவில்லை” என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து அந்த நாளை வேறெந்த நாளிலிருந்தும் பிரித்தறிய முடியாது. அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்:

“வியாழன். பின்னேரம் மழை. கோட்டையிலேயே ரெயின் பிந்திவிட்டது. வீட்டுக்கு வர ஏழரை. சின்னவள் கணக்குக் கொப்பியோடு கதவடியில் நின்றாள், பின்னம் விளங்கவில்லையாம். ஒரு துண்டுப் பாணை நான்காக வெட்டிக் காட்டினேன். மூன்றைத் தின்றுவிட்டு, ‘கால்வாசி மிச்சம்’ என்றாள். அம்மா செய்தி மட்டும் பார்த்துவிட்டுப் படுத்தார். நாவல் 84ஆம் பக்கத்திலேயே நிற்கிறது.”

இதில் தொழில், குடும்பம், பார்த்தது, வாசிக்காமல் விட்டது எல்லாம் இருக்கின்றன. எதுவும் தலைப்பிட்டுப் பிரிக்கப்படவில்லை. களைப்பு என்ற சொல் இல்லாமலே களைப்பு தெரிகிறது. பக்க எண்ணைக் குறித்திருப்பதால், நாவல் எத்தனை நாள் அதே பக்கத்தில் நின்றது என்பதும் பின்னர் தெரியவரும்.

எழுதி முடித்ததும் ஓரத்தில் கு, தொ, வா, பா என்ற எழுத்துகளில் அன்றைக்குப் பொருந்துவதைச் சிறிதாக இடுங்கள்: குடும்பம், தொழில், வாசிப்பு, பார்த்தது. இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. மாத முடிவில் இந்த ஓர எழுத்துகளை மேலிருந்து கீழாகப் பார்த்தாலே எந்த வாரத்தில் எது காணாமற் போனது என்று தெரிந்துவிடும். வண்ணப் பேனைகள், ஒட்டும் துண்டுகள், நட்சத்திர மதிப்பீடு ஆகியவை எதுவும் வேண்டியதில்லை. அலங்காரம் கூடக் கூட எழுதும் நாள்கள் குறைவதையே பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

வீட்டைப் பற்றி எழுதுதல்

வீட்டில் நடப்பவற்றுள் எதை எழுதுவது என்று தடுமாறினால், நாளைக்கு யாராவது கேட்கப்போகும் விடயங்களிலிருந்து தொடங்குங்கள். காய்ச்சல் அவற்றுள் முதன்மையானது. டெங்கு பரவும் மழைக்காலங்களில் வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதே. டெங்குவில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும் கட்டமே, பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே, ஆபத்தானது. இரத்தப் பரிசோதனையை எந்த நாளில் செய்வது என்பதும் தொடங்கிய நாளை வைத்தே முடிவாகிறது. “நேற்றோ முந்தாநாளோ” என்று சொல்வதற்கும், “செவ்வாய் பின்னேரம் நான்கு மணிக்கு 101 பாகை, பனடோல் கொடுத்தது ஐந்து மணிக்கு” என்று கொப்பியைப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. குடித்த நீராகாரத்தையும் சிறுநீர் போன நேரங்களையும்கூட அந்நாள்களில் எழுதுங்கள். வீட்டு முதியவரின் கிளினிக் திகதி, மாற்றிய மருந்து, அதன் அளவு ஆகியவை கிளினிக் கொப்பியில் இருந்தாலும் இங்கேயும் ஒரு வரி இருக்கட்டும், ஏனெனில் மருந்து மாறிய பின் அவர் உறங்கிய விதமும் உண்ட விதமும் இந்தக் கொப்பியில்தான் பதிவாகும்.

செலவுகளை ரூபாய் சதம் வரை எழுத முயல வேண்டாம். அது வேறு வகையான உழைப்பு. மாதந்தோறும் ஒப்பிடத்தக்க சில பொருள்களை மட்டும் தெரிவு செய்து, அவற்றைத் தவறாமல் எழுதுங்கள். எங்கள் வீட்டில் பாண், தேங்காய், சம்பா அரிசி, பால்மா, சமையல் எரிவாயு ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 12.5 கிலோ சிலிண்டரை மாற்றும் நாளைக் கொப்பியில் குறிப்பதோடு, சிலிண்டரின் கழுத்திலும் ஒரு துண்டு பிளாஸ்டரை ஒட்டித் திகதியை எழுதிவிட்டால், அது எத்தனை நாளுக்கு வருகிறது என்று அறிய வேறு கணக்கு வேண்டியதில்லை. விருந்தினர் தங்கிய மாதத்தில் அது எத்தனை நாள் முன்னதாகவே தீர்ந்தது என்பதையும் அந்த இரண்டு திகதிகளே சொல்லிவிடும். 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற மாதங்களை வாழ்ந்தவர்களுக்கு இப்படிப்பட்ட திகதிகளின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மின்சாரத்துக்கு, மீற்றர் வாசிக்க ஆள் வரும் திகதியை அறிந்து, ஒவ்வொரு ஞாயிறும் மீற்றர் எண்ணை எழுதுங்கள். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிமுறையாக ஏறுவது. 60, 90, 120, 180 ஆகிய அலகு எல்லைகளைத் தாண்டும்போது அலகின் விலையும் நிலையான கட்டணமும் கூடுகின்றன. மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்றே 90ஐ நெருங்கிவிட்டோம் என்று தெரிந்தால், அயன் பண்ணுவதையும் மோட்டர் போடுவதையும் ஒழுங்கு செய்ய இன்னும் ஒரு வாரம் கையில் இருக்கும். மின்கட்டணப் பட்டியல் வந்த பிறகு அறிவதால் அந்த மாதத்துக்குப் பயன் இல்லை.

இவை கணக்குகள். கொப்பியின் உயிர் பேச்சில் இருக்கிறது. பிள்ளைகள் சொல்லும் வாக்கியங்களை அவர்கள் சொன்ன ஒலியிலேயே, திருத்தாமல் எழுதுங்கள். கொழும்புப் பிள்ளை வீட்டில் தமிழும், கீழ் வீட்டு நண்பனோடு சிங்களமும், வகுப்பில் ஆங்கிலமும் கலந்து பேசும். எந்த வயதில் எந்த மொழியில் கோபப்பட்டது, எந்த மொழியில் எண்ணிப் பார்த்தது, எந்த மொழியில் கனவு சொன்னது என்பதை அன்றே எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு யாருக்கும் நினைவிராது. அம்மம்மா ஊர்க்கதை சொல்லும்போதும் இப்படித்தான். அவர் “உவன் அப்பவே கெட்டிக்காரன்” என்றால் அதை எழுத்துத் தமிழுக்கு மாற்றாமல் அப்படியே இட்டு, யாரைப் பற்றிச் சொன்னார், அந்த வீடு எந்தக் குறிச்சியில் இருந்தது என்று கேட்டு அடைப்புக்குள் சேருங்கள். முதியவர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதாகச் சலிப்படைகிறோம். எழுதி வைத்தவர்களுக்கே ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பெயரோ ஒரு புதிய காரணமோ உள்ளே வந்து சேர்வது தெரியும்.

ஒரு எல்லையையும் காக்க வேண்டும். கொப்பி மேசையில் கிடப்பதால், வளர்ந்த பிள்ளை நம்பிச் சொன்ன இரகசியம், சண்டையில் ஒருவர் வாய்தவறிச் சொன்ன கடுஞ்சொல், உறவினரின் கடன் விவகாரம், வங்கி இரகசிய எண் ஆகியவை அதில் வரக்கூடாது. சண்டை நடந்த நாளை “இன்று பேசிக்கொள்ளவில்லை; ஞாயிறு மாலை சமாதானம்” என்ற அளவில் விட்டுவிடலாம். பிள்ளை ஒரு வரியை அடிக்கச் சொன்னால் அடித்துவிடுங்கள்; அந்தக் கொப்பி எல்லோருக்கும் உரியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொப்பியை மற்றவர்களிடம் கொடுங்கள். கணவர் இரண்டு வரி, அம்மா இரண்டு வரி, சின்னவருக்கு ஒரு படம் வரைய அரைப் பக்கம். ஒருவர் கையெழுத்தே ஆண்டு முழுவதும் நிரம்பினால் அது அவருடைய நாட்குறிப்பாகிவிடும், வீட்டின் மாதமாகாது.

தொழிலைப் பற்றி எழுதுதல்

இங்கே சுருக்கமாகவே எழுத வேண்டும். அலுவலகத்தின் உள்விடயங்களும் வாடிக்கையாளர் பெயர்களும் வீட்டுக் கொப்பிக்கு உரியவையல்ல. வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், அன்று முடித்த வேலை ஒன்று, முடியாமல் கொண்டுவந்த கவலை ஒன்று ஆகியவை போதும். முடித்த வேலையை எழுதுவது முக்கியமானது. ஆண்டு இறுதி மதிப்பீட்டுக்கு உட்காரும்போது பெரும்பாலோருக்குக் கடைசி இரண்டு மாதங்களே நினைவிருக்கும், ஆனால் பெப்ரவரியில் இரவிரவாக முடித்துக் கொடுத்த வேலையும் அதே ஆண்டைச் சேர்ந்ததுதான்.

சம்பளச் சீட்டு கிடைக்கும் நாளில் இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். தொழில்தருநர் அதே நிதிக்கு 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் தம் பக்கத்திலிருந்து செலுத்த வேண்டும். இந்தத் தொகைகளைக் கொப்பியில் எழுதி, நிதியின் மீதிக் கூற்றுக் கிடைக்கும்போது ஒப்பிட்டுப் பாருங்கள். எடுத்த விடுமுறைகளையும் இதே பக்கத்தில் குறியுங்கள். கடைகள், அலுவலகங்கள் தொடர்பான சட்டத்தின் கீழ் வேலை செய்பவருக்கு முதலாண்டு கழிந்த பின் ஆண்டு விடுமுறை 14 நாளும் கெஷுவல் லீவு 7 நாளும் உண்டு. அவற்றில் எதை எதற்காகச் செலவழித்தோம் என்று படித்துப் பார்த்தால், பெரும்பகுதி கிளினிக்குக்கும் பள்ளிக் கூட்டத்துக்கும் போயிருப்பதும், ஓய்வுக்கென்று ஒரு நாளும் எடுக்காததும் தெரியவரலாம். போயா தினத்தில் வேலைக்கு அழைக்கப்பட்டால் அந்த நாளுக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் உரியது என்பதால் அதையும் தவறாமல் எழுதுங்கள்.

வாசிப்பு

வாசித்த நூல்களின் எண்ணிக்கையை இலக்காக வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு ஐம்பது என்று வைத்தவர் மெலிந்த நூல்களைத் தேடத் தொடங்குவார். கனமான நூலைப் பாதியில் நிறுத்திச் சிந்திக்க அவருக்கு மனம் வராது. எண்ணிக்கைக்குப் பதிலாக, எடுத்த இடம், தொடங்கிய நாள், நின்ற பக்கம், ஏன் நின்றது என்பவற்றை எழுதுங்கள்.

எடுத்த இடம் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். கொழும்பில் ஒரு தமிழ் நூல் நம் கைக்கு வந்து சேரும் வழிகள் பல. 1942இல் தொடங்கப்பட்டு இன்று வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் உள்ள பொது நூலகம், செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள பூபாலசிங்கம் புத்தகசாலை, செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சி, நண்பரின் அலுமாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. இரவல் வாங்கியதென்றால் திருப்பிக் கொடுக்கும் திகதி; விலைக்கு வாங்கியதென்றால் நூலில் அச்சிட்ட இந்திய விலையும் இங்கே கொடுத்த விலையும்; நண்பருடையதென்றால் அவர் பெயர். இரவல் நூல் வீட்டிலேயே தங்கிப்போய் நட்புக் கெடுவதை இந்த ஒரு வரி தடுக்கும். 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் திரட்டி இலவசமாகத் தரும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் வாசித்தால், இதழின் பெயரோடு ஆண்டையும் இதழ் எண்ணையும் குறியுங்கள். பழைய இதழொன்றில் கண்ட கட்டுரையை அவை இல்லாமல் மறுபடி தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

மேற்கோள் எடுக்கும்போது ஆசிரியரின் வரியை மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுதி, உங்கள் கருத்தை அடுத்த வரியில் தனியே எழுதுங்கள். இரண்டையும் கலந்து எழுதினால், சில மாதங்களில் எது நூலாசிரியர் சொன்னது, எது நாம் நினைத்தது என்று நமக்கே தெரியாமற் போய்விடும். ஒரு நாளுக்கு ஒரு வரிக்கு மேல் எடுக்க வேண்டாம். எல்லாம் நன்றாயிருக்கிறது என்று அரைப் பக்கத்தைப் பிரதி செய்யும் நாளில் நாம் வாசிப்பதை விட்டுவிட்டு எழுத்துப்பிரதி செய்பவராகிவிடுகிறோம்.

காலை அலுவலக நேரத்து ரெயினில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை நின்றபடி வாசிக்கக் கூடியவை சிறுகதையும் கவிதையும் கட்டுரையுமே. 100ஆம் இலக்க பஸ்ஸில் அதுவும் இயலாது. ஆகவே எங்கே வாசித்தோம் என்பதையும் எழுதுங்கள். இரண்டு மூன்று மாதக் குறிப்பைப் படித்தால், எந்த வகை நூலுக்கு வீட்டில் எந்த நேரம் வாய்க்கிறது என்று தெளிவாகும், அடுத்த நூலைத் தெரிவு செய்வதும் இலகுவாகும். பாதியில் விட்ட நூலுக்கு வெட்கப்படாமல் காரணத்தை எழுதுங்கள். “மொழிபெயர்ப்பு முரடாக இருக்கிறது”, “நோயாளியோடு இருக்கும் காலத்தில் மரணத்தைப் பற்றி வாசிக்க முடியவில்லை” என்ற இரண்டும் வேறு வேறு காரணங்கள். முதலாவதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், இரண்டாவதை இன்னொரு மாதத்துக்கு எடுத்து வைக்க வேண்டும்.

பிள்ளைக்கு உரத்து வாசித்துக் காட்டியதும், அப்பாவுக்கு வீரகேசரியின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்துக் காட்டியதும் வாசிப்பே. அவற்றுக்கும் ‘வா’ இடுங்கள்.

பார்த்தவை

நாள்தோறும் அன்றே எழுத வேண்டும் என்ற விதிக்கு இங்கே மட்டும் விலக்கு உண்டு. படம் பார்த்த இரவில் பெயரையும் யாருடன் பார்த்தோம் என்பதையும் மட்டும் எழுதி, கருத்தை மறுநாள் இரவுக்கு விடுங்கள். இசையும் பரபரப்பும் அடங்கிய பின் எந்தக் காட்சி மனத்தில் நிற்கிறது என்பதே அந்தப் படத்தைப் பற்றி நம்பத்தக்க சாட்சி. பிறருடைய விமர்சனங்களைப் படிப்பதற்கு முன்னரே எழுதிவிட வேண்டும். படித்த பிறகு எழுதினால் அவர்களின் சொற்களே பேனையில் வரும்.

யார் தெரிவு செய்தது என்பதை எழுத மறக்காதீர்கள். ஒரே தொலைக்காட்சியுள்ள வீட்டில் ஒரு மாதம் முழுவதும் ஒருவரின் விருப்பமே ஓடியிருப்பது, எழுதிப் பார்க்கும் வரை எவருக்கும் தெரிவதில்லை. சவோய், மஜெஸ்டிக் சிற்றி போன்ற திரையரங்குகளில் குடும்பமாகப் பார்த்ததற்கும், கைப்பேசியில் ஆளுக்கொரு மூலையில் பார்த்ததற்கும் வேறுபாடு காட்டுங்கள். திரையரங்குக்குப் போன நாளில் படத்தைப் பற்றி இரண்டு வரி எழுதினால், வீடு திரும்பும் வழியில் பேசியதைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள். பிள்ளைகள் எதற்குப் பயந்தார்கள், எதை நம்பவில்லை என்பது அந்தப் பேச்சில்தான் வெளிவரும். பிள்ளைகள் அயல் வீட்டில் பார்க்கும் சிங்கள நாடகத்தின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதுவதும் நல்ல பழக்கம்.

தொலைக்காட்சிச் செய்தியையும் யூரியூப் காணொளிகளையும் ஒவ்வொன்றாக எழுதினால் கொப்பி தாங்காது. “இரவு ஒன்றரை மணி நேரம் கைப்பேசி” என்ற ஒரு வரியே அவற்றுக்குப் போதும். கிரிக்கெட் ஆட்டம் பார்த்த இரவை மட்டும் எதிரணியின் பெயரோடு எழுதுங்கள், ஏனெனில் வீட்டில் எல்லா வயதினரும் ஒன்றாக விழித்திருக்கும் இரவு அது.

போயாவும் மாத முடிவும்

ஒவ்வொரு பௌர்ணமியும் நமக்கு விடுமுறை. அலுவலகமும் பள்ளியும் மூடியிருக்கும் அந்த நாளைக் கொப்பியைத் திரும்பப் படிக்கும் நாளாக வைத்துக்கொண்டால் தனியாக நேரம் தேட வேண்டியதில்லை. கடந்த போயாவிலிருந்து இதுவரை எழுதியதை ஒரே மூச்சில் வாசியுங்கள். விளங்காத சுருக்கக் குறிப்புகளை நினைவு மங்குவதற்கு முன்பே விரித்து எழுதுங்கள்; பழைய வரியை மாற்றாமல், புதியதை அன்றைய திகதியோடு ஓரத்தில் சேருங்கள்.

மாதத்தின் கடைசி நாளில் ஒரு பக்கம் எழுத வேண்டும். யாருக்கு எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதினால் அந்தப் பக்கம் அறிக்கையாகிவிடும். நம் வீடுகளில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ அக்காவோ தம்பியோ இல்லாதவர்கள் குறைவு. அவருக்கு எழுதும் கடிதமாக அதை எழுதுங்கள். “அன்புள்ள அக்கா” என்று தொடங்கியதும் எதை விளக்க வேண்டும், எதை விளக்கத் தேவையில்லை என்பது கைக்குத் தானாகத் தெரியும். வரிசைப்படி 1ஆம் திகதியிலிருந்து தொடங்காமல், மாதத்தின் போக்கை மாற்றிய நாளிலிருந்து தொடங்குங்கள். மாமி வந்திறங்கிய நாள், ரியூஷன் மாஸ்டர் நேரத்தை மாற்றிய நாள், மேலதிகாரி விலகிய நாள் போன்ற ஒன்று எந்த மாதத்திலும் இருக்கும். அந்த நாளுக்கு முன் நூல் எத்தனையாம் பக்கத்தில் இருந்தது, பின் எத்தனையில் நின்றது, இரவுகளில் என்ன பார்க்கத் தொடங்கினோம், காலையில் எத்தனை மணிக்கு எழும்பினோம் என்று ஓர எழுத்துகளைப் பார்த்து இணைத்து எழுதும்போது, நான்கு துண்டுகளாகத் தோன்றியது ஒரே வாழ்க்கையாகத் தெரியும். எழுதியதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். ஆனால் அனுப்பக்கூடிய விதத்தில் எழுதுங்கள்.

பிரதி எடுத்து வைத்தல்

மாதப் பக்கத்தையும் முக்கியமான நாள்களையும் கைப்பேசியில் படமெடுத்து, வீட்டுக்கு வெளியே இன்னொரு இடத்தில் இருக்கும்படி செய்யுங்கள். இதை வெறும் முன்னெச்சரிக்கைக்காகச் சொல்லவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன என்பதை எல்லோரும் அறிவோம். 1983 ஜூலையில் கொழும்பில் வீடுகள் எரிக்கப்பட்டபோது அழிந்த திருமணப் படங்களுக்கும், குறிப்பேடுகளுக்கும், தாத்தாமார் எழுதிய கடிதங்களுக்கும் எவரிடமும் கணக்கு இல்லை. அவற்றுக்கு இரண்டாம் பிரதி இருந்ததில்லை. அந்த வீடுகளில் ஒரு சாதாரண மாதம் எப்படி நடந்தது, என்ன சமைத்தார்கள், என்ன வாசித்தார்கள், எந்தப் படத்துக்குப் போனார்கள் என்பதை இன்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போது எடுத்துக் காட்ட ஒரு தாள்கூட இல்லாத குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. படமெடுத்த கோப்புகளுக்கு ஆண்டையும் மாதத்தையும் பெயராக இட்டு, வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறந்தவரிடமும் ஒரு தொகுதி இருக்கச் செய்வது இன்று சில நிமிட வேலை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம் ஏறும் பகுதிகளில் வாழ்பவர்களுக்கும் இதே ஏற்பாடு உதவும்.

இதன் பிறகு புதிய மாதத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, முடியாதவற்றை அதற்குக் கொண்டுவாருங்கள்: சிலிண்டர் மாற்றிய திகதி, மீற்றரின் கடைசி எண், அம்மாவின் அடுத்த கிளினிக் திகதி, திருப்பிக் கொடுக்க வேண்டிய நூலும் அது உரியவரின் பெயரும், நாவல் நின்ற பக்கம், பாதியில் நிறுத்திய தொடரின் அத்தியாய எண், பிள்ளைக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டு இன்னும் தொடங்காத பாடம். போயா நாளைக் கலண்டரில் பார்த்து அந்தத் திகதிக்குக் கீழே கோடிடுங்கள். மேலே மாதத்தின் பெயரை எழுதிவிட்டு, அன்றிரவே முதல் ஐந்து வரியைத் தொடங்கிவிடலாம்.